நானூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர்

துப்பறிகிறவன் என்றால் நாலு கேள்வி கேட்க வேண்டும். அன்று காலை பதினொரு மணிக்கு எனக்கு அந்த வசதி இல்லை. என் வாய்க்குள் ஒரு குட்டிக் கண்ணாடி, எச்சில் உறிஞ்சும் குழாய், இரண்டு பஞ்சு உருண்டைகள், எல்லாவற்றுக்கும் மேலாக என் கட்சிக்காரரின் ஆள்காட்டி விரல்.

"நாலு மொட்டைக் கடுதாசி வந்திருக்கு சார்," என்றார் பல் டாக்டர், என் கடைவாய்ப் பல்லைத் தட்டிக்கொண்டே. "யார் எழுதறாங்கன்னு இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள தெரியணும்."

"ஆ," என்றேன்.

"ஏன் அஞ்சு மணின்னு கேக்கறார்," என்று விளக்கினாள் அக்கா.

அக்கா என் உதவியாளர். உடன்பிறந்த அக்காவேதான். இருபத்தெட்டு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் என் அலுவலகத்துக்கு வந்து, எதிர் நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. அவளிடம் வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எனக்கு ஐம்பத்தோரு வருடமாக வந்ததில்லை. கட்சிக்காரர்கள் முன்னால் என்னை 'சார்' என்பாள். அவர்கள் திரும்பிக்கொண்டதும் 'டேய்'. வருகிறவர்களில் பாதிப் பேர் அவள்தான் நிபுணர் என்று நினைத்து எழுந்து நிற்கிறார்கள். மீதிப் பேர் ஐந்து நிமிடம் என்னோடு பேசிய பிறகு அப்படி நினைக்கிறார்கள்.

விஷயம் வெளியே தெரியக் கூடாது, நோயாளி மாதிரி வாருங்கள் என்று டாக்டர்தான் போனில் சொல்லியிருந்தார். மாறுவேடம் என்றாலே எனக்குக் கை பரபரக்கும். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, தெருமுனையிலிருந்தே முனகிக்கொண்டு வந்தேன். உட்கார வைத்துப் பார்த்தால் உண்மையிலேயே இரண்டு பல் சொத்தை.

"ரெண்டரை மில்லிமீட்டர் ஆழம்," என்றார் டாக்டர் வருத்தத்தோடு. "வந்ததுதான் வந்தீங்க, அடைச்சிடறேன். ஊசி போட்டா வலிக்காது." நான் மறுப்பதற்குள் ஊசி இறங்கிவிட்டது. அன்று மாலை வரை என் முகத்தின் இடது பாதி எனக்குச் சொந்தமாக இல்லை.

கதையை அவர் சுருக்கமாகச் சொன்னார். மீன் பிடிக்கும் படகு ஒன்று வாங்கப் போகிறார். வியாபாரத்துக்கு இல்லை, விளையாட்டுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் கடலுக்குள் போய், தூண்டில் போட்டு, தன் எடையில் பாதி இருக்கும் மீனோடு மல்லுக்கட்டுவதில் அவருக்கு ஒரு பைத்தியம். வாடகைப் படகில் போய்க்கொண்டிருந்தவர், இரண்டு வருடமாகக் கடல் பக்கமே போகவில்லை. இப்போது சொந்தமாக வாங்கலாம் என்றால் இரண்டு கம்பெனிகள் குறுக்கே நிற்கின்றன. ஒன்று நீலச்சுறா, மற்றொன்று அலையரசன். எது நல்லது என்று ஏழு மாதமாகப் பார்க்கிறார். நீலச்சுறா என்று முடிவு செய்தால் மறுநாள் காலை ஆஸ்பத்திரிக் கதவுக்கு அடியில் 'நீலச்சுறா வேண்டாம்' என்று கடிதம் கிடக்கிறது. சரி, அலையரசன் என்று மனதை மாற்றினால் 'அலையரசன் வேண்டாம்' என்று அடுத்த கடிதம்.

"ரெண்டு ஷோரூம்லயும் எனக்காக ஒவ்வொரு படகு நிறுத்தி வச்சிருக்காங்க. இன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும்தான். அப்புறம் வேற ஆளுக்குப் போயிடும்." டாக்டர் குழாயை எடுத்து மாட்டினார். "இன்னைக்கு வாங்கலைன்னா நான் வாங்கவே மாட்டேன் சார். என்னைப் பத்தி எனக்குத் தெரியும். தூண்டிலை எல்லாம் யாருக்காவது கொடுத்துட்டு, இந்த நாற்காலி பக்கத்துலயே நின்னு கிழவனாயிடுவேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அதைச் சொல்லும்போது என் வாய்க்குள் இருந்த விரலை எடுக்க மறந்துவிட்டார்.

"முடிவு பண்ணதை யார் யார்கிட்ட சொன்னீங்க?" என்று கேட்டாள் அக்கா.

"யார்கிட்டயும் இல்லம்மா. பேஷண்ட்ஸ்கிட்ட சும்மா பேசிட்டே வேலை பார்ப்பேன். ஆனா அவங்க வாய்தான் அடைச்சிருக்குமே."

"கடலுக்குக் கூட யாரு வர்றாங்க?"

"யாரும் இல்ல. தனியாத்தான்."

அப்போது சுவரில் இருந்த ஒரு சின்னத் திறப்பு வழியாக ஒரு தட்டு உள்ளே நீண்டது. தட்டில் ஒரு பல்செட். அந்தத் திறப்புக்குக் கதவு கிடையாது. ஒரு கை நுழையும் அளவுதான். டாக்டர் பல்செட்டை எடுத்துப் பார்த்தார், ஒரு சீட்டில் 'மேல் வரிசை, வலது மூன்று, நிறம் இன்னும் ஒரு படி மஞ்சள்' என்று எழுதித் தட்டில் வைத்து, அந்தப் பக்கம் தள்ளினார். தட்டு மறைந்தது.

"பின்னாடி யாரு?" என்றாள் அக்கா.

"லேப். பல்செட் செய்யறவர் இருக்கார்."

"வாயால சொன்னா ஆகாதா? சீட்டு எதுக்கு?"

"உள்ள மெஷின் ஓடும். காது கேக்காது," என்றார் டாக்டர்.

என் காதில் எந்த மெஷினும் விழவில்லை. ஆனால் எனக்கு அப்போது காதும் பாதி மரத்திருந்தது என்று நினைத்து, அதைப் பெரிதுபடுத்தவில்லை. பிற்பாடு இதை நினைத்து நானே என் தலையில் குட்டிக்கொண்டேன்.

கிளம்பும்போது டாக்டர் நான்கு கடிதங்களையும் கொடுத்தார். கம்ப்யூட்டரில் அடித்து அச்செடுத்தவை. முதல் கடிதம்: 'நீலச்சுறா வேண்டாம். ஏறும் படி 412 மில்லிமீட்டர் உயரம். மனுஷன் ஏறவா, குதிரை ஏறவா?' இரண்டாவது: 'அலையரசன் வேண்டாம். இடது இருக்கைக்கு முன்னால் கால் நீட்ட 540 மில்லிமீட்டர்தான் இருக்கிறது.' மூன்றாவது: 'நீலச்சுறாவில் இடது பக்கம் பிடித்துக்கொள்ளக் கம்பியே இல்லை.' நான்காவது: 'அலையரசனில் ஓட்டுகிறவர் தலைக்கு மேல் கூரை. பக்கத்தில் இருப்பவர் வெயிலில் வறுபட வேண்டியதுதான்.'

தெருவில் இறங்கியதும் நான் நிமிர்ந்து நின்றேன். "விஷயம் வெட்ட வெளிச்சம். நீலச்சுறாக்காரன் அலையரசனைத் திட்டி எழுதறான். அலையரசன்காரன் நீலச்சுறாவைத் திட்டி எழுதறான். ரெண்டு பேர், ரெண்டு குற்றம்."

"நாலு கடுதாசியும் ஒரே மாதிரி பேப்பர், ஒரே மாதிரி எழுத்து," என்றாள் அக்கா. "ரெண்டு பேரும் கூட்டு சேர்ந்து ஒருத்தனை ஒருத்தன் திட்டிக்கிட்டாங்களா?"

"அப்படியும் இருக்கலாம்."

"வாயைத் துடைச்சுக்கோ. ஒழுகுது."

நீலச்சுறா ஷோரூம் முழுக்கக் கண்ணாடி. நடுவில் ட்ரெய்லர் மேல் படகு, வெள்ளையும் நீலமுமாக. நான் ஒரு பெரிய தொழிலதிபராக உள்ளே நுழைவது என்று வழியிலேயே முடிவு செய்திருந்தேன்.

"என்ன தொழில்னு கேட்டா?" என்றாள் அக்கா.

"ஏற்றுமதி."

"எதை?"

"அதை அவன் கேக்க மாட்டான்."

கேட்டான். அதுதான் முதல் கேள்வியே. நான் "பலதும்" என்றேன். பாதி உதடு மரத்திருந்ததால் அது எப்படி ஒலித்தது என்று தெரியவில்லை. விற்பனையாளன், நெற்றிக்கு மேல் ஏற்றிய கறுப்புக் கண்ணாடியோடு, என்னைவிட்டு அக்காவிடம் திரும்பிப் படகைப் பற்றிப் பேச ஆரம்பித்தான்.

"இருபத்திநாலு அடி மேடம். அடிப்பாகம் கூர்மை. அலை மேல ஏறி விழாது, அலையைக் கிழிச்சிட்டுப் போகும். ரெண்டு இன்ஜின். நடுக்கடல்ல ஒண்ணு மக்கர் பண்ணாலும் இன்னொண்ணு வீடு சேர்த்துடும். மீன் கூட்டம் எங்கன்னு தெரிஞ்சா மத்தவங்க கிளம்பறதுக்குள்ள நீங்க அங்க இருப்பீங்க."

ஏறிப் பார்க்கலாமா என்றேன். படியில் கால் வைக்கப் பார்த்தேன், எட்டவில்லை. இரண்டாம் முறை எட்டியது, ஆனால் என் கால்சட்டை எட்டவில்லை. எங்கோ ஒரு தையல் விட்ட சத்தம் கேட்டது. "பழகிடும் சார்," என்றான் விற்பனையாளன். வலது பக்கம் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தேன். பிடித்துத் திருப்பினேன். அந்த நேரத்தில் என் வாயிலிருந்து 'ட்ர்ர்ர்' என்று சத்தம் வந்ததாக அக்கா சாதிக்கிறாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

அவள் எனக்குப் பக்கத்தில், இடது இருக்கையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதையோ பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினாள். ஒன்றும் இல்லை. கையைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டாள்.

நான் சட்டைப் பையிலிருந்து அலையரசனைத் திட்டிய இரண்டாவது கடிதத்தை உருவி, அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன். "இது உங்க கைவரிசைதானே?"

விற்பனையாளன் படித்தான். பிறகு சிரித்தான். கண்ணாடி நெற்றியிலிருந்து இறங்கி மூக்கில் உட்காரும் அளவுக்குச் சிரித்தான்.

"சார், போட்டிக் கம்பெனியைத் திட்டணும்னா நாங்க எப்படித் திட்டுவோம்? அடியில தண்ணி ஏறும், பாதி வழியில நிக்கும், திருப்பி விக்கப் போனா ஒருத்தன் சீண்ட மாட்டான். இப்படித் திட்டுவோம். கால் நீட்ட எடம் பத்தலைன்னு எவனாவது திட்டுவானா? அதுவும் மில்லிமீட்டர்ல. இந்தத் தொழில்ல எல்லாம் அடிக் கணக்குதான் சார். இருபத்திநாலு அடி, இருபத்தாறு அடி. மில்லிமீட்டரை இங்க யாரும் பார்த்ததே இல்ல."

மூக்குடைபட்டது எனக்குத்தான். ஆனால் நான் அதைக் காட்டிக்கொள்ளாமல் படகின் மற்ற வசதிகளைப் பற்றிக் கேட்டேன். அவன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அலையைக் கிழிப்பது ஒன்றுதான் வாழ்க்கையில் எனக்கு இதுவரை குறைந்தது என்று தோன்ற ஆரம்பித்தது. அக்கா என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கியபோது, ஆர்டர் படிவத்தில் நான் விலாசம் வரை எழுதியிருந்தேன்.

"வீட்டு வாடகையே இழுத்துக்கிட்டு நிக்குது," என்றாள் வெளியே வந்ததும். "இதை எங்க நிறுத்துவே, மொட்டை மாடியிலயா?"

அலையரசன் ஷோரூம் பழைய கிடங்கு ஒன்றில் இருந்தது. அங்கே ஒரு பெண், மாலுமிகள் போடுவது போல அரைக்கை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, படகின் பக்கவாட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். சத்தமே போடாமல் பேசினாள்.

"நீலச்சுறா பார்த்துட்டு வர்றீங்களா சார்? நல்ல படகு. ஓடறதுக்கு அதுதான். எங்க படகு நிக்கறதுக்கு. மீன் மாட்டறது படகு ஓடும்போது இல்லையே. அகலம் அதிகம், ஆட்டம் கம்மி. தூண்டில் சொருக பதினாலு குழி. உயிரோட இரை வச்சுக்கத் தண்ணித் தொட்டி பின்னாலயே இருக்கு."

ஐந்து நிமிடத்தில் நான் கட்சி மாறிவிட்டேன். நிற்பதல்லவா முக்கியம், கிழிப்பதில் என்ன இருக்கிறது என்று தோன்றியது. டாக்டர் ஏழு மாதம் தவித்ததை நான் ஒரே மத்தியானத்தில் தவித்து முடித்தேன். நீலச்சுறாவைத் திட்டிய கடிதங்களைக் காட்டியதும் அந்தப் பெண்ணும் அதையேதான் சொன்னாள். படகுக்காரர்கள் யாரும் மில்லிமீட்டரில் பேசுவதில்லை.

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது.

மில்லிமீட்டரில் பேசுகிறவர் யார்? காலையில் என் சொத்தையை 'ரெண்டரை மில்லிமீட்டர்' என்று அளந்தவர் யார்? முடிவு எடுத்தது வேறு யாருக்கும் தெரியாது என்று சொன்னவர் யார்? ஏழு மாதமாக முடிவெடுக்கத் தெரியாமல் தவித்து, முடிவெடுத்ததும் பயந்து, தனக்குத்தானே வேண்டாம் என்று எழுதிக்கொண்டவர் யார்? என் உடம்பு சிலிர்த்தது. மரத்த பாதியைத் தவிர.

அலையரசனின் இடது இருக்கையில் காலை நீட்டப் பார்த்துக்கொண்டிருந்த அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். டிக்கெட் இல்லாமல் முதல் வகுப்பில் ஏறியவனை அவள் அப்படித்தான் பார்த்திருப்பாள்.

"சரி, நீ முன்னால போய்ச் சொல்லு," என்றாள். "நான் இந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணு கேட்டுட்டு வர்றேன்."

"என்ன கேக்கணும்?"

"பாத்ரூம் எங்கன்னு."

நாலேகாலுக்கு நான் பல் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது நாற்காலியில் ஒரு பெரியவர் வாயைத் திறந்து படுத்திருந்தார். ரகசியம் காப்பது, நேரம் பார்ப்பது எல்லாம் அப்போது எனக்கு நினைவில்லை. அறையின் நடுவில் நின்று, கைகளைப் பின்னால் கட்டி, குற்றவாளி இந்த அறையிலேயே இருக்கிறார் என்று ஆரம்பித்தேன். பெரியவர் திறந்த வாயோடு திடுக்கிட்டார். மில்லிமீட்டரைச் சொன்னேன். பயத்தைச் சொன்னேன். மனித மனத்தின் விசித்திரம் பற்றிச் சொந்தமாக இரண்டு வாக்கியம் சேர்த்தேன். கடைசியில் விரலை நீட்டி, "அந்தக் கடிதங்களை எழுதியது நீங்கள்தான் டாக்டர்," என்று முடித்தேன்.

டாக்டர் கருவியைக் கீழே வைத்தார். "நானே எழுதிட்டு, யார் எழுதினதுன்னு கண்டுபிடிக்க உங்களை ஏன் சார் கூப்பிடணும்?"

நாற்காலியில் இருந்த பெரியவர்கூட, வாயை மூட முடியாத நிலையிலும், அதானே என்பது போலத் தலையாட்டினார்.

"எனக்கு யோசனை வந்தா இதுல எழுதிக்குவேன்," என்று டாக்டர் மேஜை இழுப்பிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்துப் போட்டார். இரண்டு படகுகளையும் ஒப்பிட்டு அறுபத்திநாலு வரிகள். ஒவ்வொரு வரிக்கும் மார்க். கூட்டிப் பார்த்தால் இரண்டுக்கும் சரிசமம்.

நான் அசடு வழிந்துகொண்டு நின்றபோது அக்கா உள்ளே வந்தாள். நேராக நோட்டை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரல் வைத்து மேலிருந்து கீழே வரைக்கும் படித்தாள். பக்கத்தில் நான்கு கடிதங்களையும் பரப்பினாள்.

"டாக்டர், இதுல இன்ஜின் இருக்கு, டீசல் இருக்கு, தூண்டில் குழி இருக்கு, ஐஸ் பெட்டி இருக்கு. ஓட்டற சீட்டுக்கு மெத்தை எவ்வளவு கனம்னு கூட இருக்கு. பக்கத்து சீட்டைப் பத்தி ஒரு வரி இருக்கா?"

"தனியாப் போறவனுக்கு அது எதுக்கு?"

"ஆனா இந்த நாலு கடுதாசியிலயும் அதைத் தவிர வேற எதுவுமே இல்ல." அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். "இருபத்தெட்டு வருஷம் ரயில்ல சீட்டு சீட்டாப் போனவ நான். ஃபேன் ஓடலம்பாங்க, ஜன்னல் மூடலம்பாங்க, காத்து வரலம்பாங்க. ஒருத்தர் என்ன குறை சொல்றார்ங்கறதைவிட, எந்த சீட்ல உட்கார்ந்து சொல்றார்னுதான் பார்ப்பேன். இந்த நாலும் இடது சீட்ல உட்கார்ந்து எழுதின கடுதாசி. கால் மடங்காது, படி ஏற முடியாது, பிடிச்சுக்கக் கம்பி வேணும், வெயில் ஆகாது. இவர் உங்களைப் படகு வாங்க விடாமத் தடுக்கல டாக்டர். உங்ககூட வர எடம் பார்க்கறார்."

டாக்டர் நோட்டைத் தன் பக்கம் இழுத்து மறுபடி புரட்டினார்.

"யாரு? உங்க மாமனாரா?" என்று கேட்டேன். என்னை யாரும் பொருட்படுத்தவில்லை.

"நீங்க முடிவு பண்ணதை யாருக்கும் சொல்லலைன்னீங்க. இந்த ரூம்ல வாய் அடைச்சவங்கதான் இருந்தாங்க. ஆனா காது திறந்திருக்கற ஆள் ஒருத்தர் எப்பவும் இருக்கார். பின்னால மெஷினும் ஓடல, அந்த ஓட்டைக்குக் கதவும் இல்ல." அக்கா குரலைத் தாழ்த்தவில்லை. வேண்டுமென்றே கொஞ்சம் உயர்த்தினாள் என்றுகூடச் சொல்லலாம். "அலையரசன்ல அந்தப் பொண்ணு சொல்லுது. வயசானவர் ஒருத்தர் வந்தாராம். இடது முட்டி மடங்காதாம். ஏறறதுக்கே பத்து நிமிஷம் ஆச்சாம். இன்ஜினைத் திரும்பிக்கூடப் பார்க்கல. பையிலேருந்து ஒரு சின்ன அளவுக் கருவியை எடுத்து, இடது சீட்டைச் சுத்தி அளந்துட்டு, ஒரு மணி நேரம் அதுலயே உட்கார்ந்திருந்தாராம்."

"அம்பது நிமிஷம்," என்றது ஒரு குரல்.

நான் சுற்றிலும் பார்த்தேன். பெரியவர்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஒரு மணி நேரம்லாம் இல்ல. அம்பது நிமிஷம்தான் உட்கார்ந்தேன்," என்று சுவர்த் திறப்பிலிருந்து அந்தக் குரல் மறுபடியும் சொன்னது.

"யாரு அது?" என்றேன், மெதுவாக.

"என் அண்ணன்," என்றார் டாக்டர்.

இரண்டு அறைகளுக்கும் நடுவில் ஒரு கதவு இருந்தது. அதன் முன்னால் பஞ்சுப் பெட்டிகளும் கையுறைப் பெட்டிகளும் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. காலையிலிருந்து பார்த்தும் அது கதவு என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டர் ஒவ்வொன்றாக இறக்க ஆரம்பித்தார். உதவி செய்கிறேன் என்று நான் நடுவிலிருந்து ஒன்றை இழுத்தேன். மொத்தமும் என் மேல் சரிந்தது. வழி மட்டும் சீக்கிரம் கிடைத்தது.

பின் அறையில் வெள்ளை மாவு படிந்த நீள மேஜை. அதன் மேல் வரிசையாகத் தாடை அச்சுகள். ஒரு மர ஸ்டூலில் இடது காலை நீட்டி வைத்துக்கொண்டு, டாக்டரின் அதே மூக்கோடு, அதே காதுகளோடு, ஏழெட்டு வயது மூத்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். கையில் பல் அளக்கும் சின்னக் கருவி. எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை, விட்டுவிட்டார்.

"கடுதாசி எதுக்கு?" என்றார் டாக்டர். "ஓட்டை இருக்குல்ல. எழுதித் தள்ளியிருக்கலாம்ல."

"அதுல பல்லு நெறம்தானே எழுதறோம் ரெண்டு வருஷமா."

டாக்டர் வாசலிலேயே நின்றார். பிறகு எங்களுக்குச் சொல்வது போல, ஆனால் எங்களைப் பார்க்காமல் சொன்னார். "வாடகைப் படகுல போனோம். நான் ஓட்டினேன். இவன் தூண்டில்ல பெரிய மீன் மாட்டிக்கிட்டு இழுத்துட்டுப் போச்சு. அது பின்னாலயே போகணும்னு சட்டுனு திருப்பிட்டேன். இவன் விழுந்துட்டான். முட்டி போச்சு. என்னாலதான் போச்சு. அதுக்கப்புறம் இவன் மூஞ்சியைப் பார்க்க என்னால முடியல. கோபமா இருப்பான்னு தெரியும்."

"கோபம்தான்," என்றார் அண்ணன். "நூலை ஏன்டா வெட்டினே?"

"என்னது?"

"நாப்பது நிமிஷம் மல்லுக்கட்டி வச்சிருந்தேன். கை விரல் எல்லாம் ரத்தம். அப்படி ஒரு மீனை என் ஆயுசுல பார்த்ததில்ல. நீ ஓடி வந்து கத்தியை எடுத்து நூலை வெட்டிட்டே."

"நூல் உன்னைச் சுத்திக்கிட்டு இருந்துச்சு. கால் மடங்கிக் கிடந்தே."

"கால் எங்க போகப் போகுது? மீன் போயிடுச்சுல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா முழங்கையால் இடித்ததில் அது நின்றது.

"இதுக்கா ரெண்டு வருஷம்?" டாக்டரின் குரல் உடைந்திருந்தது.

"அது முதல் ஒரு மாசம். அப்புறம் நீ வந்து பேசுவேன்னு பார்த்தேன். நீ பெட்டி அடுக்கிட்டே." அண்ணன் கருவியைத் திறந்து மூடினார், திறந்து மூடினார். "அப்புறம் படகு வாங்கறேன்னு பேஷண்ட்கிட்ட சொல்லிட்டிருந்தே. தனியாப் போறேன்னு சொன்னே. ஒவ்வொருத்தர்கிட்டயும் தனியா, தனியான்னே சொன்னே. என்னையும் கூட்டிட்டுப் போன்னு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேக்கறது? ஒரு கால் விளங்காதவனைக் கூட்டிட்டுப் போனா நீ மீனைப் பார்ப்பியா, என்னைப் பார்ப்பியா? கேக்க வெக்கமா இருந்துச்சு. படகைத் திட்டறதுக்கு வெக்கம் தேவைப்படல."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மரத்த உதட்டால் அழுதால் பார்க்க நன்றாக இருக்காது என்பதால் அழவில்லை. அக்கா வெளிப்படையாகவே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

டாக்டர் உள்ளே போனார். ஸ்டூலுக்கு முன்னால், அந்த மாவுத் தரையில், அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"காலைக் காட்டு."

"எதுக்கு?"

"காட்டுன்னா காட்டு. மெதுவா மடக்கு. எங்க வலிக்குதுன்னு சொல்லு."

"நீ பல்லு டாக்டர்டா."

"சொல்லு."

அண்ணன் கால்சட்டையை முட்டிவரை சுருட்டினார். டாக்டர் ஒரு கையால் குதிகாலையும் ஒரு கையால் முட்டியையும் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக மடக்கினார். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச தூரத்தில் கால் நின்றுவிட்டது. டாக்டர் அதற்கு மேல் மடக்கவும் இல்லை, கையை எடுக்கவும் இல்லை. இரண்டு வருடத்தில் இந்தக் கால் எவ்வளவு மடங்கும் என்று அவர் கேட்பது அதுதான் முதல் தடவை என்று எனக்கே புரிந்தது.

முன் அறையில் போன் அடித்தது. மணி நாலு ஐம்பத்தைந்து. நான் ஓடிப்போய் எடுத்து வந்து கொடுத்தேன். அன்று நான் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

டாக்டர் தரையில் உட்கார்ந்தபடியே போனைத் தோளில் இடுக்கிக்கொண்டார். எந்தக் கம்பெனி பேசியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"இல்லீங்க, இன்னைக்குக் கையெழுத்துப் போடல," என்றார். "அஞ்சு மணிக்கு மேல வேற ஆளுக்குத் தரணும்னா கொடுத்துடுங்க, பரவாயில்ல. நாங்க வேற படகு பார்த்துக்கறோம்." அந்தப் பக்கத்தில் ஏதோ கேட்டார்கள். டாக்டர் அண்ணனின் காலைக் கீழே விடாமல், குரலை மட்டும் கொஞ்சம் சரிசெய்துகொண்டார். "நாளைக்கு வர்றோம். ரெண்டு பேர். என் அண்ணன் முதல்ல ஏறி உட்காரட்டும், அப்புறம் விலை பேசலாம்."